எல்க் வேட்டைக்கான ஸ்கோப்: பொருத்துவதும் சோதிப்பதும் தொலைவைத் தீர்மானிப்பதும்

கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோ மாநிலங்களின் மலைகளில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் புறப்படுகிறவர்கள், ரைஃபிளின்மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்கும்போது முதலில் பார்ப்பது கண்ணாடியின் தெளிவையும் உருப்பெருக்கத்தையும்தான். கடையில் நின்றபடி சோதிக்கக்கூடியவை அவை இரண்டு மட்டுமே என்பதால் இது இயல்பே. ஆனால் ஸ்கோப் குறிவைப்பதற்கான கருவி. விலங்கைத் தேடிப் பார்ப்பதற்குப் பைனாகுலர் இருக்கிறது. குறிப்பிட்ட தொலைவில் குறுக்கிழையின் மையமும் குண்டு பாயும் இடமும் ஒன்றாக இருக்குமாறு நாம் அமைத்த ஜீரோவை, பிக்கப் வண்டியின் குலுக்கலிலும், குதிரைச் சேணத்தில் தொங்கும் உறைக்குள்ளும், பாறைச் சரிவில் ஒருமுறை விழுந்தெழுந்த பிறகும் மாறாமல் வைத்திருப்பதே அதன் முதல் வேலை. குறியை நகர்த்தும் திருகுக் குமிழான டரட்டைத் திருப்பிய அளவுக்குச் சரியாக நகர்ந்து, திருப்பி வைத்தால் பழைய இடத்துக்கே வருவது இரண்டாவது வேலை. தெளிவு, ஒளி, எடை எல்லாம் அதற்குப் பின்னர்தான். இந்த வரிசையை ஏற்றுக்கொண்டவருக்கு, வாங்குவது முதல் மலையில் விசையை அழுத்துவது வரை ஒவ்வொரு முடிவும் சற்று வேறாக அமையும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் உரிமம் பெற்று வேட்டையாட வழியுள்ள அமெரிக்க மேற்கு மாநிலங்களின் நடைமுறையைச் சார்ந்தது.

ஜீரோ ஏன் நகர்கிறது

ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. அதன் ஒரு முனை அசையக்கூடிய மூட்டில் பொருந்தியிருக்க, மறுமுனையை எலிவேஷன் (மேல்கீழ்) திருகும் விண்டேஜ் (பக்கவாட்டு) திருகும் ஒரு பக்கமாக அழுத்துகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வில் (ஸ்பிரிங்) அதைத் திருகுகளின்மீது சாய்த்துப் பிடித்திருக்கிறது. டரட்டை ஒரு கிளிக், அதாவது ஒரு படி, திருப்பினால் இந்த உட்குழாய் நகர்வது மில்லிமீட்டரின் நூற்றில் ஓரிரு பங்குதான். வில் தளர்ந்தாலோ, மூட்டில் சிறு இடைவெளி விழுந்தாலோ, உள்ளிருக்கும் வில்லை (லென்ஸ்) தன் இருப்பிடத்தில் இம்மியளவு அசைந்தாலோ, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் ஜீரோ மாறிவிடும். உனர்ட்ல் போன்ற பழைய ஸ்கோப்புகளில் இந்த உள்ளசைவே கிடையாது. முழு ஸ்கோப்பும், அதை ரைஃபிளில் தாங்கும் மவுண்டின்மேல் நகர்வதாக அமைத்திருந்தார்கள். அவை கனமும் அழுக்கேறும் தொல்லையும் உடையவை என்றாலும், நகரும் பாகம் கண்ணுக்குத் தெரிந்தது என்பது ஒரு நன்மைதான்.

நகர்வின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அதன் கடுமை விளங்கும். ஒரு மில் என்னும் கோண அளவு 100 மீட்டரில் 10 செ.மீ. ஜீரோ 0.4 மில் விலகினால் 100 மீட்டரில் அது 4 செ.மீ.; கவனமில்லாதவர் அதைத் தம் கைநடுக்கத்தின்மேல் பழிபோட்டுவிடுவார். 400 மீட்டரில் அதே விலகல் 16 செ.மீ. எல்க்கின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள வட்டம். அதன் நடுவைக் குறிவைத்தவருக்குச் சுற்றிலும் இருக்கும் இடம் 13 அல்லது 15 செ.மீ.தான். காற்றையும் கைநடுக்கத்தையும் கணக்கில் சேர்க்கும் முன்பே விலங்கு காயப்பட்டு ஓடும் நிலை வந்துவிடுகிறது.

இருந்தாலும் ஜீரோ மாறியவுடன் ஸ்கோப்பைக் குற்றம் சொல்வதும் சரியல்ல. முதலில் பார்க்க வேண்டியது, ரைஃபிளின் இயக்கப் பகுதியான ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு (கட்டையோடு) பிணைக்கும் திருகுகளை; அடுத்து, குழலான பேரல் எங்காவது ஸ்டாக்கை உரசுகிறதா என்பதை. ஒரு தாள் துண்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் உரசல் இருக்குமிடத்தில் அது நின்றுவிடும். பிறகு ரைஃபிளில் பதியும் அடித்தகடான பேஸின் திருகுகள், ஸ்கோப்பை வளைத்துப் பிடிக்கும் ரிங்குகளின் திருகுகள், ஓசையைக் குறைக்கும் சப்ரஸர் பொருத்தியிருந்தால் அதன் மரை. இவை எல்லாம் உறுதியாக இருந்தும் விலகல் தொடர்ந்தால், சரியென்று ஏற்கெனவே தெரிந்த வேறொரு ஸ்கோப்பை அதே மவுண்டில் மாட்டிச் சுட்டுப் பார்ப்பதுதான் ஐயத்தைத் தீர்க்கும் வழி.

பொருத்துதல்

ரைஃபிளைத் தொடுமுன் தோட்டாக்களையும் மேகசினையும் தோட்டா அறையை மூடும் போல்ட்டையும் அகற்றி, அந்த அறையான சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடைக்காரர் பொருத்திக் கொடுத்த பேஸ் என்றாலும் அதைக் கழற்றி மீண்டும் பொருத்துவதே நல்லது. ரெமிங்டன் 700 போன்ற பரவலான ரைஃபிள்களில் பேஸைப் பிடிப்பவை 6-48 அளவுள்ள மெல்லிய திருகுகள். எடை மிகுந்த ஸ்கோப்பை வைத்து விழுந்தால் அவை அறுந்துபோவதும் உண்டு. அதனால்தான் பல துப்பாக்கித் தச்சர்கள் அந்தத் துளைகளை 8-40 அளவுக்குப் பெரிதாக்கித் தருகிறார்கள். மலைவேட்டைக்குச் செலவிடத் தகுந்த பணம் அது என்பது என் கருத்து.

திருகுகளையும் அவற்றின் துளைகளையும் அசிட்டோன் அல்லது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். முன்பக்கத் திருகு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் அது உள்ளே பேரலின் மரையில் போய் முட்டி, பேஸ் தளர்வாக இருக்கும்போதே இறுகிவிட்டதுபோலப் பொய்யுணர்வு தரும். ஆகவே ஒவ்வொரு திருகையும் தனித்தனியே இறுக்கி, பேஸ் அசையாமல் பிடிபடுகிறதா என்று பார்ப்பது அவசியம். பேஸ் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டுப் போதும். ரிங் திருகுகளுக்கு அதைப் போடுவதில் கவனம் தேவை. ஈரமான பசை மசகுபோல வேலை செய்வதால், அதே முறுக்குவிசையில் திருகு கூடுதலாக இறுகி ஸ்கோப்பின் குழாயை நசுக்கக்கூடும். குழாய் நசுங்கினால் உட்குழாயின் அசைவு தடைபடும். தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை ரிங் திருகுகளை உலர்ந்த நிலையிலேயே இறுக்கலாம்.

முறுக்குவிசையைக் கை மதிப்பில் விடக் கூடாது. பெரும்பாலான ரிங்குகளுக்கு 15 முதல் 18 அங்குலம்-பவுண்ட், அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை சொல்கிறார்கள். பேஸுக்கும் ஆக்‌ஷன் திருகுகளுக்கும் உள்ள அளவுகள் இதைவிடக் கூடுதல், தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். அளவு காட்டும் டார்க் திருப்புளி ஒன்றை வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் உதவும். பள்ளங்கள் கொண்ட பட்டையான ரெயிலில் மவுண்டை வைத்தபின், இறுக்குமுன் அதைப் பேரலின் முனைப்பக்கமாகத் தள்ளிப் பள்ளத்தின் சுவரோடு ஒட்டி நிறுத்த வேண்டும். சுடும்போது ரைஃபிள் பின்னால் பாய, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. முன்கூட்டியே முன்தள்ளி வைக்காவிட்டால் அந்த இடைவெளியை முதல் சில வெடிகள் எடுத்துக்கொள்ளும். எல்லாம் இறுகியபின் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பிற்பாடு எது அசைந்தது என்பதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். ரிங்கின் ஓரத்தில் குழாயின்மீதும் அதேபோல ஒரு கோடு வேண்டும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை, வேட்டையில் அணியப்போகும் தடித்த மேலங்கியை அணிந்தபடி, படுத்த நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும், மிக உயர்ந்த உருப்பெருக்கத்தில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். குறுக்கிழையின் செங்குத்துக் கோட்டைத் தொங்கவிட்ட தூக்குநூலோடு பொருத்திப் பார்க்கலாம். சுடும்போது ரைஃபிள் 5 பாகை சாய்ந்திருந்தால், 3 மில் உயர்த்தி 450 மீட்டருக்குச் சுடும் குண்டு பக்கவாட்டில் சுமார் 12 செ.மீ. தள்ளிப்போகும். மலைச்சரிவில் எது கிடைமட்டம் என்பதைக் கண் எளிதில் தவறாகக் கணிக்கும் என்பதால், குழாயில் சிறு ரசமட்டம் ஒன்றைப் பொருத்திக்கொள்வது வீண் அலங்காரம் அல்ல.

ஜீரோவும் எண்ணிக்கையும்

மூன்று தோட்டா சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்து டரட்டைத் திருப்பி, மறுபடி மூன்று சுடுவதே பலருடைய பழக்கம். இதில் கணக்குப் பிழை இருக்கிறது. ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றாலும், 10 தோட்டாக்களின் பரவல் சராசரியாக 3 தோட்டாக்களின் பரவலைப்போல 1.6 மடங்கு இருக்கும். இது துப்பாக்கியின் குறையல்ல, தற்செயலின் இயல்பு. மூன்று தோட்டாக்களில் ஓர் அங்குலப் பரவல் காட்டும் ரைஃபிள் உண்மையில் ஒன்றரை அங்குல ரைஃபிள் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுகிறவர் ஏமாறுவதில்லை. மூன்று துளைகளின் நடுவும் அவ்வாறே தற்செயலாக விலகி நிற்கும் என்பதால், அதை வைத்து டரட்டைத் திருப்புகிறவர் சரியாக இருந்த ஜீரோவையே கெடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே பேரல் ஆற இடம் கொடுத்து ஒரே இலக்கில் 10 தோட்டா சுட்டு, அவற்றின் சராசரி மையத்தை அளந்து, அதற்கேற்ப ஒருமுறை திருத்தி, மறுபடி 10 சுட்டு உறுதிசெய்வதே முறை. செலவு அதிகம்தான், ஆனால் வேட்டைக்குப் பயன்படும் அதே தயாரிப்புத் தொகுதித் தோட்டாக்களிலேயே இதைச் செய்ய வேண்டும். இதோடு, குளிர்ந்த பேரலிலிருந்து வெளிப்படும் முதல் குண்டு எங்கே போகிறது என்பதைத் தனித்தாளில் நாளுக்கு ஒன்றாகச் சுட்டுச் சேர்த்துவந்தால், மலையில் நமக்குக் கிடைக்கப்போகும் அந்த ஒரே வாய்ப்பின் உண்மையான படம் கிடைக்கும்.

பேரலக்ஸ் என்னும் இடமாறு பிழையையும் இந்தக் கட்டத்திலேயே கவனிக்கலாம். பக்கத் திருகு இல்லாத வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 அல்லது 150 கஜத்துக்கு நிலையாக அமைக்கப்பட்டவை. 40 மி.மீ. முன்வில்லையுள்ள, 100 மீட்டருக்கு அமைத்த ஸ்கோப்பில், கண் முற்றிலும் ஓரமாக இருந்தால் 400 மீட்டரில் 6 செ.மீ. வரை பிழை வரும். கன்னம் ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கில் ஒரே இடத்தில் பதிகிறவருக்கு இது கவலைக்குரியதல்ல. திருகு உள்ள ஸ்கோப்பில் அதில் அச்சிட்ட தொலைவு எண்களை நம்பாமல், தலையை லேசாக அசைக்கும்போது குறுக்கிழை இலக்கின்மேல் மிதக்காத இடத்தில் நிறுத்த வேண்டும்.

டரட் சோதனையும் விழும் சோதனையும்

நாடாவால் சரியாக அளந்த 100 மீட்டரில் உயரமான அட்டை ஒன்றை நிறுத்தி, தூக்குநூல் பிடித்து அதில் ஒரு செங்குத்துக் கோடு வரைந்து, அடியில் ஒரு புள்ளி இட வேண்டும். அந்தப் புள்ளியையே குறிவைத்து முதலில் ஜீரோவில் சில தோட்டாக்களும், பிறகு டரட்டை 10 மில் உயர்த்திச் சிலவும் சுட்டால், இரு குழுமங்களின் நடுத்தொலைவு 1 மீட்டர் இருக்க வேண்டும். 98 செ.மீ. வந்தால் டரட் 2 விழுக்காடு குறைவாக நகர்கிறது என்று பொருள். மேல் குழுமம் கோட்டைவிட்டு விலகியிருந்தால் குறுக்கிழை சாய்ந்திருக்கிறது. பின்பு டரட்டை அடிமுதல் முடிவரை பலமுறை திருப்பி ஜீரோவுக்குக் கொண்டுவந்து மீண்டும் சுட்டு, பழைய இடத்திலேயே துளை விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் கிடைக்கும் 2 விழுக்காட்டுப் பிழையைக் கண்டு பதறுகிறவர்கள் உண்டு. 3 மில் உயர்த்தும் 450 மீட்டர்ச் சுடுதலில் அது 3 செ.மீ.க்கும் குறைவு, எண்ணைத் திருத்திக்கொண்டால் அதுவும் இல்லை. நிலையான பிழை கணக்கில் அடங்கும். சில நாள் ஓரிடத்திலும் சில நாள் வேறிடத்திலும் நிற்கும் ஜீரோவுக்குத்தான் எந்தத் திருத்தமும் கிடையாது. ஆகவே இதைவிடக் கூடுதல் கவனம் விழும் சோதனைக்கே தரப்பட வேண்டும்.

விழும் சோதனை விருப்பமில்லாமல் செய்யப்படும் ஒன்று. விலையுயர்ந்த பொருளை வேண்டுமென்றே யார் கீழே போடுவார்கள்? ஆனால் ரைஃபிள் மரத்தில் சாத்தி வைத்த இடத்திலிருந்து சரிவதும், தோளிலிருந்து நழுவுவதும் மலைவேட்டையில் சாதாரணமாக நடப்பவை. காலியான ரைஃபிளை, போல்ட்டைக் கழற்றி, தரையில் விரித்த தடித்த பாயின்மீது முழங்கால் உயரத்திலிருந்து, சுமார் 45 செ.மீ., இடப்பக்கம், வலப்பக்கம், மேற்பக்கம் என ஸ்கோப்பில் அடி விழுமாறு ஒவ்வொரு முறையாகப் போட வேண்டும். ஒவ்வொரு முறைக்குப் பின்னும் அந்த 10 தோட்டா இலக்கிலேயே ஓரிரண்டு சுட்டு, துளைகள் முன்பிருந்த பரவலுக்குள் விழுகின்றனவா என்று பார்க்கலாம். இலக்கில் பரவல் தெளிவாகத் தெரியாவிட்டால் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை, எது நகர்வு எது இயல்பான சிதறல் என்று பிரிக்க முடியாது. போட மனம் வராதவர்கள் ரைஃபிளை உறையிலிட்டு, சலவைக்கல்போல வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த காட்டுச்சாலையில் வண்டியின் பின்தளத்தில் நூறு, இருநூறு கிலோமீட்டர் கொண்டுபோய்விட்டுச் சுட்டுப் பார்க்கட்டும். ஓயாத சிறு அதிர்வு ஒரு பெரிய அடியைவிட அதிகம் தளர்த்துவதும் உண்டு.

விலை உயர்ந்த ஸ்கோப் எல்லாம் இதில் தேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூடுதல் விலையில் பெரும்பகுதி கண்ணாடிக்கும் எடைக்குறைப்புக்கும் போகிறது. எடைக்குறைப்பு பல வேளைகளில் உறுதிக்கு எதிரானது. நடுத்தர உருப்பெருக்கமுள்ள, பூட்டு அல்லது ஜீரோவுக்குக் கீழே திரும்பாமல் தடுக்கும் ஜீரோ நிறுத்தி உள்ள டரட் கொண்ட, சற்றே கனமான ஸ்கோப்பை, கண்ணாடி சுமாராக இருந்தாலும், நான் முதலில் தேர்வேன். குறுக்கிழை முதல் குவியத்தளத்தில் இருந்தால் அதன் அளவுக்கோடுகள் எல்லா உருப்பெருக்கத்திலும் சரியாக இருக்கும். இரண்டாம் குவியத்தளத்தில் இருந்தால் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சரியாக இருக்கும்; பரபரப்பில் இது மறந்துபோகும்.

எவ்வளவு தொலைவு?

ஸ்கோப் நம்பகமானது என்று உறுதியான பிறகுதான் இந்தக் கேள்விக்கே இடமுண்டு. 6.5 கிரீட்மூர் என்னும் தோட்டா வகைக்கான ரைஃபிளில் 143 கிரெயின் (சுமார் 9.3 கிராம்) குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். 500 கஜத்தில், அதாவது 457 மீட்டரில், 100 கஜ ஜீரோவிலிருந்து அது சுமார் 1.4 மீட்டர் தாழும். தொலைவை அளக்கும் லேசர் கருவியும் சரியான அட்டவணையும் இருந்தால் அந்தத் தாழ்வைக் கணக்கிட்டுவிடலாம். கடல்மட்டத்தில் தயாரித்த அட்டவணை 3,000 மீட்டர் உயரத்தில் பொருந்தாது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ முக்கால் பங்குதான் என்பதால் குண்டு குறைவாகத் தாழும். 30 பாகைச் சரிவில் மேலோ கீழோ 400 மீட்டர் என்று கருவி காட்டினால், 346 மீட்டருக்கு உரிய உயர்வே போதும்.

கணக்கில் அடங்காதது காற்றுதான். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அந்தக் குண்டை 457 மீட்டரில் 40 செ.மீ. அளவுக்குத் தள்ளும். காற்றின் வேகத்தை 6 கி.மீ. தவறாகக் கணித்தாலே 15 செ.மீ. போய்விட்டது, உயிர்நிலைப் பகுதியின் ஓரம் வந்துவிட்டது. பள்ளத்தாக்கின் இக்கரையில் புல் ஒரு பக்கம் சாய, நடுவில் காற்று வேறு பக்கம் ஓடுவது மலையில் வழக்கம். குண்டு போய்ச்சேர ஏறத்தாழ முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதற்குள் நின்றுகொண்டிருந்த எல்க் ஓர் அடி எடுத்து வைத்தால் நுரையீரலுக்குச் சென்ற குண்டு வயிற்றில் பாயும். மேலும், பல வேட்டைக் குண்டுகள் நொடிக்கு 550 மீட்டர் வேகத்துக்குக் கீழே சரியாக விரிவதில்லை. குண்டின் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்து அதையும் ஓர் எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தம் எல்லையைக் கண்டறிய விரும்புகிறவர் மேசையை விட்டு எழ வேண்டும். 25 செ.மீ. காகிதத் தட்டு ஒன்றைத் தெரியாத தொலைவில் வைக்கச் சொல்லி, சற்றுத் தூரம் மேட்டில் ஏறி மூச்சிரைக்க வந்து, முதுகுப் பையையோ முக்காலியையோ தாங்கலாக வைத்து, ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஒரு தோட்டா சுட வேண்டும். பல நாள்களில், பலவகைக் காற்றில், முதல் தோட்டா பத்துக்கு ஒன்பது முறையாவது தட்டில் படும் தொலைவே அவருடைய தொலைவு. பெரும்பாலானோருக்கு அது தாம் சொல்லிக்கொள்வதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணர்ந்து தப்பும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்னும் நெறிப்படி மிகைத்தொலைவுச் சுடுதலை ஏற்பதில்லை. ஐடஹோவின் வேட்டை விதிகள் ஸ்கோப் உட்பட ரைஃபிளின் எடைக்கு 16 பவுண்ட் என்று வரம்பிட்டிருப்பதும், மின்னணுக் கருவிகளை ரைஃபிளில் பொருத்தக் கட்டுப்பாடு வைத்திருப்பதும் இதே எண்ணத்தின் சாயல்தான். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், ஒவ்வொரு பருவத்துக்கும் அந்தந்த வனவிலங்குத் துறையின் கையேட்டைப் படித்துவிட வேண்டும்.

முகாமில்

வந்து சேர்ந்த அன்றே, அனுமதியுள்ள பாதுகாப்பான இடத்தில், ஜீரோவை இரண்டு மூன்று தோட்டாக்களால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சற்று விலகித் தெரிந்தாலும் உடனே டரட்டைத் தொடாமல், முதலில் பெயின்ட் கோடுகளைப் பார்க்கலாம். இரவில் ரைஃபிளைக் கூடாரத்தின் வெப்பத்துக்குள் கொண்டுவந்தால் வில்லைகளின் வெளிப்புறத்தில் ஈரம் படிந்து, காலையில் வெளியே வந்ததும் உறைந்துபோகும். ஸ்கோப்பின் உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பது வெளிப்புறத்தைக் காக்காது. மழையும் பனியும் படாத வெளியிடத்தில், கூடாரத்துக்கு அருகே, காலியாகவும் உறையிட்டும் வைப்பதே நல்லது. காலையில் புறப்படும்போதும், உறையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் டரட் ஜீரோவில்தான் இருக்கிறதா, ஒரு முழுச் சுற்று மாறி நிற்கவில்லையா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வாய்ப்பிருந்தால், ரிங்குகளோடு ஏற்கெனவே இதே ரைஃபிளில் ஜீரோ செய்து கழற்றிய மாற்று ஸ்கோப் ஒன்றையும் டார்க் திருப்புளியையும் வண்டியில் வைத்திருக்கலாம். அதை மாட்டியபின் மறுபடி சுட்டுச் சரிபார்க்காமல் கிளம்பக் கூடாது.

வேட்டையின் நடுவே ரைஃபிள் பலமாக விழுந்துவிட்டால், சேம்பரைக் காலிசெய்து, பேரலின் வாயில் மண்ணோ பனியோ அடைத்திருக்கிறதா என்று பார்த்து, பெயின்ட் கோடுகளைச் சரிபார்த்து, பின்னணி பாதுகாப்பாக உள்ள மண்மேடு ஒன்றில் 100 மீட்டர் அளவில் ஒரு சிறு இலக்கை வைத்து ஒரு தோட்டாவாவது சுட வேண்டும். அந்த ஓசையால் பள்ளத்தாக்கிலுள்ள எல்க் கூட்டம் கலைந்துபோகலாம், அன்றைய நாள் வீணாகலாம். அப்படியும் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். சுட்டுப் பார்க்கவே வழியில்லாத இடம் என்றால், அடுத்த சரிபார்ப்பு வரை 100 மீட்டருக்கு மேற்பட்ட எந்த வாய்ப்பையும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும், அந்தத் தொலைவிலும் விலங்கு பக்கவாட்டில் அசையாமல் நின்றால் மட்டுமே விசையைத் தொடுவதும் முறை.